பசுமைக்கு உரைகல் எது?

பொன் வாங்கச் செல்வோர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எடுப்பதில்லை. உரைகல்லில் உரைத்து, மாற்றுப் பார்த்து, எடையும் பார்த்த பின்னரே மடியை அவிழ்ப்பர். பித்தளையும் மஞ்சள், பொன்னும் மஞ்சள். நிறம் சான்றாகாது என்பதை எழுத்தறியாத மூதாட்டியும் அறிவார். ஆனால் அம்மூதாட்டியின் பேத்தி இன்று ஈப்போ நகரின் பேரங்காடி ஒன்றில் நுழைந்து, பச்சை இலை அச்சிட்ட காலணியையோ மூங்கில் சட்டையையோ துணிப்பையையோ கையில் எடுக்கும்போது உரைகல்லைத் தேடுவதில்லை. இலை பச்சையாக இருக்கிறது. அட்டைப்பெட்டி பழுப்பாக இருக்கிறது. 'இயற்கை' என்னும் சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவளுக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. சில வேளைகளில் அச்சொல்லுக்காகவே கூடுதல் விலையும் கொடுக்கிறாள்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்னும் தொடர் இன்று ஒரு வாணிகச் சரக்காகிவிட்டது. சொல்லுக்குப் பொருள் உண்டு என்று கற்பிக்கும் கடமை பூண்ட தமிழாசிரியர்களுக்கும், அவர்களிடம் கற்கும் மாணவர்களுக்கும் இது வெறும் அங்காடிச் செய்தியன்று. ஒரு நல்ல சொல் பொய்ச்சாட்சி சொல்ல அழைக்கப்படும்போது வாய்மூடி நிற்பது மொழிக்கும் செய்யும் தீங்கு. மண்ணுக்கும் செய்யும் தீங்கு.

ஒரு பொருளின் பசுமையை அதன் பெயரைக் கொண்டோ, அது பிறந்த மரத்தைக் கொண்டோ அளக்க முடியாது. அதன் முழு வாழ்க்கையைக் கொண்டே அளக்க வேண்டும். மூலப்பொருள் எந்த நிலத்திலிருந்து வந்தது? எவ்வாறு பதப்படுத்தப்பட்டது? எத்தனை காலம் உழைக்கும்? உழைத்து முடிந்தபின் எங்கே போகும்? இவை அத்தனையிலும் சுமை யார் தோளில் ஏறியது? இவ்வைந்து வினாக்களுமே உரைகல். ஐந்தில் ஒன்றை மட்டும் கேட்டு, அதற்கு இனிய விடை கிடைத்ததும் மற்ற நான்கையும் மறப்பதே இன்றைய வழக்கமாக இருக்கிறது.

பால்மரத்தின் சாட்சி

இதனைப் பேராக் மாநிலத்துத் தமிழர் வேறெவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. அவர்தம் முன்னோர் மூன்று தலைமுறை கண்ட பொருளே இதற்குச் சாட்சி சொல்லும். அப்பொருள் ரப்பர்.

'இயற்கை ரப்பரால் ஆனது' என்று இன்று காலணியின் அடித்தோலிலும், உடற்பயிற்சி விரிப்பிலும், மெத்தையிலும் எழுதப்படுகிறது. கல்லெண்ணெயிலிருந்து செய்யப்படும் செயற்கை ரப்பரோடு ஒப்பிடுகையில் இதற்குச் சில சிறப்புகள் உண்டு என்பதை மறுப்பார் இலர். மரம் மீண்டும் மீண்டும் பால் தரும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ளும். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டு உழைத்து ஓய்ந்தபின் நாற்காலிக்கும் மேசைக்கும் பலகையாகும். இவை மெய். எனினும், இவையே முழு மெய்யாகுமா?

பால்மரம் மலாயாவின் காட்டில் தானே முளைத்த மரமன்று. 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளின் வழிவந்த நாற்றுகள் 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அவற்றுள் ஒன்றெனப் போற்றப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த ஒரு சில நாற்றுகளுக்குப் பின் வந்த பெருந்தோட்டங்களுக்காகப் பல்லாயிரம் ஏக்கர் மழைக்காடு வீழ்த்தப்பட்டது. நூறு வகை மரம் நின்ற இடத்தில் ஒரே வகை மரம் நிரை நிரையாக நின்றது. இதனை இயற்கை என்பதா, பயிர்த்தொழில் என்பதா? பயிர்த்தொழில் என்பதே நேர்மை. அக்கேள்வி பழங்கதையுமன்று; காடழித்த நிலத்தில் விளைந்த பொருள்களைத் தம் சந்தையில் விடலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டத்தில் செம்பனை எண்ணெயோடு ரப்பரும் இடம்பெற்றுள்ளது.

அடுத்து, பதப்படுத்தும் முறை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, உளியோடு நிரையில் இறங்கி, மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தூக்கிச் சென்றவர்கள் அறிவார்கள், பால் ரப்பராவதற்கு எத்தனை மருந்து வேண்டுமென்று. உறையாதிருக்க அம்மோனியா, உறைவதற்கு ஃபார்மிக் அமிலம். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். ரப்பரைப் பிரித்தெடுத்தபின் அந்நீரும், ஆலையைக் கழுவிய நீரும் அருகிலிருந்த ஓடையையே தேடிச் சென்றன. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் ரப்பர் ஆலைக் கால்வாயின் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. மலேசியா 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றிய பின், கச்சா இயற்கை ரப்பர் ஆலைகளுக்கென்றே 1978இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு முந்திய ஆண்டே விதிகள் வந்திருந்தன. ஆற்றுக்குத் தீங்கு செய்யாத தொழிலாக இருந்தால், அதற்கென்று தனி விதி எதற்கு?

அங்கும் கதை முடியவில்லை. வெறும் ரப்பர் வெயிலில் இளகும்; குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த முறைப்படி கந்தகம் கலந்து சூடேற்றிய பின்னரே அது காலணிக்கும் சக்கரத்துக்கும் உரியதாயிற்று. இன்று அதனோடு துத்தநாக ஆக்சைடும் வேறு பல வேதிப்பொருள்களும் சேர்கின்றன. அவ்வாறு வலுவூட்டப்பட்ட ரப்பரை மீண்டும் உருக்கி வார்க்க இயலாது. அது மண்ணில் எளிதில் மட்குவதுமில்லை. மரத்தில் வடிந்தபோது அது பால். கடையில் விற்கும்போது அது ஆலைப்பொருள். பாலின் நற்பெயரை ஆலைப்பொருளுக்குச் சூட்டுவதுதான் விளம்பரத்தின் சூழ்ச்சி.

ரப்பர் மரப் பலகையின் கதையும் இத்தகையதே. ஓய்ந்த மரத்தை எரிக்காமல் பலகையாக்குவது நன்று. ஆயினும் அம்மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் அரிக்கும். ஆகவே போராக்ஸ் போன்ற மருந்தேற்றிய பின்னரே அது மேசையாகிறது. 'மருந்து படாத மரம்' என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுகிறார்.

துணியின் வேடம்

ஆடையுலகில் இந்தச் சூழ்ச்சி இன்னும் நயமாக நடைபெறுகிறது. மூங்கில் விரைவாக வளரும். நீரும் உரமும் குறைவாகக் கேட்கும். அதனால் 'மூங்கில் துணி' என்றதும் மனம் இளகுகிறது. ஆனால் தோலுக்கு மென்மையாக இருக்கும் அத்துணியிற் பெரும்பாலானது மூங்கிலை முறுக்கி நெய்ததன்று. மூங்கிற் கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுப்பொருளிலும் கரைத்து, இழையாக இழுத்துச் செய்த ரேயான் அது. மரக்கூழிலிருந்து வந்தாலும் மூங்கிற் கூழிலிருந்து வந்தாலும் ரேயான் ரேயானே. இதனை மூங்கில் என்று கூறி விற்ற குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க வாணிக ஆணையம் 2022இல் வால்மார்ட், கோல்ஸ் ஆகிய இரு பெருங்கடைகளின்மேல் நடவடிக்கை எடுத்தது. இரண்டும் சேர்ந்து 55 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

பருத்தியாவது தூயதன்றோ என்று கேட்கலாம். ஈப்போவின் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஆடை வாங்கும் தமிழர் திருப்பூரின் பெயரை அறிவர். அங்கிருந்து பின்னலாடைகள் உலகெங்கும் செல்கின்றன. அவ்வூரின் சாயக்கழிவு நொய்யலாற்றில் கலந்தது. உழவர் பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. எந்த உழவருக்காக அணை எழுந்ததோ அவ்வுழவரே அந்நீர் வேண்டாவென்று நீதிமன்றப் படியேறினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாது மீளப் பயன்படுத்தும் முறையை மேற்கொண்ட ஆலைகளே பின்னர் இயங்க இசைவு பெற்றன. பருத்திச் செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்கவில்லை என்று சட்டையின் கழுத்துப்பட்டியில் எழுதியிருக்கலாம். அச்சட்டையின் நீலம் எந்த ஆற்றில் கழுவப்பட்டது என்று அப்பட்டியில் எழுதியிருக்கிறதா?

செயற்கை இழையைப் போற்றுவதற்காக இது கூறப்படவில்லை. பாலியஸ்டர் புடவை கல்லெண்ணெயின் மகள். துவைக்கும்தோறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளை நீரில் உதிர்ப்பது. ஆனால் இருபது ஆண்டு உடுத்தப்படும் ஒரு பாலியஸ்டர் புடவையும், இருமுறை உடுத்திக் குப்பையில் எறியப்படும் ஒரு 'இயற்கை' ஆடையும் தராசில் ஏறினால் எந்தத் தட்டு தாழும் என்பது எளிதில் சொல்லக்கூடியதன்று. சொல்லக்கூடியது போல நடிப்பதே பிழை.

துணிப்பையும் அதே பாடத்தைப் புகட்டுகிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, பருவநிலைக் கேட்டை மட்டும் கருதினால் ஒரு பருத்திப் பை மெல்லிய நெகிழிப்பைக்கு ஈடாக 52 முறையேனும் பயன்பட வேண்டும் என்றது. ஓசோன் படலத்துக்கு நேரும் கேடு உட்பட எல்லாவற்றையும் கருதினால் 7,100 முறை என்றது. அந்த ஆய்விலும் குறையுண்டு. நெகிழிப்பை தெருவிலும் கடலிலும் சிதறுவதால் விளையும் தீங்கை அது கணக்கிற் கொள்ளவில்லை. கிந்தா ஆற்றங்கரையில் நெகிழிப்பை சிக்கிக் கிடக்கக் கண்டவர்கள் அக்குறையைச் சிறிதென்று கருதமாட்டார்கள். ஆகவே துணிப்பை வேண்டாவென்பது முடிவன்று. ஒரே துணிப்பையைப் பல்லாண்டு தூக்குபவரே சூழலைக் காப்பவர் என்பதும், விழாவுக்கு விழா புதிய துணிப்பை அச்சடித்து வழங்குவது காப்பாகாது என்பதுமே முடிவு. இலக்கிய விழா நடத்தும் சங்கங்களும் பள்ளிகளும் தங்கள் அலமாரிகளைத் திறந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

சுமந்தவர் யார்?

ஐந்தாம் வினாவே எல்லாவற்றினும் கடினமானது. விளம்பரங்கள் ஒருபோதும் தொடாததும் அதுவே.

பால்மரக் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. சுங்கை சிப்புட் முதல் சுங்காய் வரை பயணம் செய்வோர் இம்மாற்றத்தைக் கண்ணாரக் காணலாம். செம்பனை எண்ணெய் இன்று சவர்க்காரத்திலும் தலைக்குழம்பிலும் முகப்பூச்சிலும் கலந்திருக்கிறது. 'தாவர எண்ணெயால் ஆனது' என்று அவற்றின்மேல் எழுதப்படுகிறது. அச்செடியின் அடியில் களை முளைக்காதிருக்க முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர் யார்? தோட்டப் பெண்கள், அவர்களுள் பெருந்தொகையினர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் கையாண்ட மருந்துகளுள் பாராகுவாட் ஒன்று. சிறிதளவு விழுங்கினாலும் உயிரைக் குடிக்கும் கடுநஞ்சு அது. மலேசிய அரசு 2002இல் அதனைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முடிவாக 2020 ஜனவரி முதல் நாளிலிருந்தே முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் சவர்க்காரப் பெட்டியில் இலை பச்சையாகவே இருந்தது. பெட்டியைப் பார்த்து எவரும் தொட்டி சுமந்த முதுகை நினைக்கவில்லை.

ஈப்போவுக்கு அருகிலேயே இதனினும் கொடிய பாடம் ஒன்று உண்டு. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்கள் விட்டுச் சென்ற கழிவு மணலில் மொனசைட்டு என்னும் கனிமம் கலந்திருக்கிறது. அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று 1982இல் புக்கிட் மேரா புதுக்கிராமத்தின் அருகே தொழிலைத் தொடங்கியது. வண்ணத் தொலைக்காட்சி முதலிய புதுமைப் பொருள்களுக்கு அத்தனிமங்கள் வேண்டியிருந்தன. அவற்றைப் பிரித்தபின் எஞ்சியதோ தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. 1984இல் பாப்பான் ஊரார் அக்கழிவுக் கிடங்கை எதிர்த்துக் கிளர்ந்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் சென்றனர். குழந்தைகளிடம் கண்ட நோய்களையும் பிறவிக் குறைகளையும் அவர்கள் எடுத்துரைத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அகற்றிப் புதைக்கும் பணி அதன்பின் நெடுங்காலம் நீடித்தது.

இன்று அதே அருமண் தனிமங்கள் மின்சார ஊர்திகளின் இயக்கியிலும், காற்றாலையிலும், காதில் செருகும் ஒலிக்கருவியிலும் இருக்கின்றன. மின்சார ஊர்தி புகை விடுவதில்லை என்பது உண்மை. அது ஓடும் தெருவின் காற்று தூய்மையாகும் என்பதும் உண்மை. ஆனால் அதன் காந்தத்துக்காக எந்த ஊரின் மண் கழுவப்பட்டது, கழுவிய நீர் எங்கே தேங்கியது என்று கேட்கும் உரிமை, புக்கிட் மேராவை அறிந்த பேராக் மக்களுக்கு உலகில் வேறெவரையும்விட மிகுதியாக உண்டு. பேராக்கின் மேற்பகுதியிலேயே அருமண் அகழும் முயற்சி மீண்டும் தொடங்கியிருக்கும் இக்காலத்தில் அவ்வுரிமை கடமையாகிறது.

இருவகை மயக்கம்

இவ்வாறு வினவத் தொடங்கினால் இரண்டு மறுப்புகள் எழும்.

முதலாவது, 'எல்லாமே பொய்யென்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதானே' என்பது. இது சோம்பலின் குரல். கள்ளப்பொன் சந்தையில் இருப்பதால் நற்பொன்னே இல்லை என்று எவரும் வாதிடுவதில்லை. கழிவுநீரைத் தூய்மை செய்யும் சாய ஆலையும், ஆற்றில் விடும் ஆலையும் ஒன்றல்ல. தானே தனக்குச் சூட்டிக்கொண்ட இலைச்சின்னமும், சிரிம் போன்ற வெளி நிறுவனம் சோதித்து வழங்கும் சூழல் முத்திரையும் ஒன்றல்ல. வெளியார் முத்திரையும் தவறா வரமன்று. எதனைச் சோதித்தது, எதனைச் சோதிக்கவில்லை என்று அதனிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் கேட்டால் விடை தரக் கடமைப்பட்ட முத்திரைக்கும், விடையே இல்லாத படத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இந்திய அரசு 2024இல் போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில், சான்றின்றிப் 'பசுமையானது', 'சூழலுக்கு உகந்தது' என்று பொதுப்படக் கூறுவதைத் தடுக்கும் ஆணையை நிறைவேற்றியது. சான்று கேட்பது வீண்வம்பு என்பார்க்கு இவையே விடை.

இரண்டாவது மயக்கம், 'அந்நாளில் தோட்டத்தில் எல்லாரும் இயற்கையோடு வாழ்ந்தனர். அதற்குத் திரும்பினால் போதும்' என்பது. லயத்து வீட்டில் மாவுச்சாக்கு துவைக்கப்பட்டுத் துணியாயிற்று. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் வாளியாயிற்று. கிழிந்த வேட்டி தூளியாகிப் பின் கரித்துணியாயிற்று. எதுவும் வீணாகவில்லை என்பது மெய். ஆனால் அது விரும்பி ஏற்ற நெறியன்று. கூலி போதாத குடும்பத்தின் வழி. பசியைத் தவமென்று போற்றுவது உண்டவர்க்கு எளிது. அவ்வாழ்விலிருந்து எடுக்கத்தக்கது ஒன்றே: ஒரு பொருளின் கடைசிப் பயன் தீரும்வரை அதனைக் கைவிடாத அறிவு. வறுமை மீள வேண்டியதில்லை. அவ்வறிவு மீள வேண்டும்.

வகுப்பறையின் கடமை

தமிழ்ப்பள்ளிகளில் சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. மரம் நடுக, நெகிழியைத் தவிர்க்க, இயற்கையைப் போற்றுக என்று மாணவர்கள் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். சந்திப்பிழை திருத்தப்படுகிறது, சிந்தனைப் பிழை திருத்தப்படுவதில்லை. 'இயற்கைப் பொருள் தீங்கற்றது' என்ற வரியின் கீழ்ச் சிவப்பு மை படுவதே இல்லை. பாராகுவாட் தெளித்த பாட்டியின் பேரன் அவ்வரியை எழுதுகிறான். அதனைச் சரியென்று குறியிடும் ஆசிரியரும் ரப்பர் ஆலைக் கால்வாயைத் தாண்டிப் பள்ளிக்குச் சென்றவராக இருக்கலாம்.

மாற்று வழி அரிதன்று. மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு காலணியையோ சட்டையையோ வகுப்புக்குக் கொண்டு வரட்டும். அதன்மேல் அச்சிட்டதை முதலில் படிக்கட்டும். பிறகு ஐந்து வினாக்களையும் கேட்கட்டும். விடை தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று துணிந்து எழுதட்டும். அந்த ஒரு சொல் பத்து அலங்காரத் தொடர்களைவிட நேர்மையானது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பால் எவ்வாறு உறைந்தது, மருந்தடித்த நாளில் கை எவ்வாறு எரிந்தது என்று கேட்டு வரட்டும். எந்நூலிலும் கிடைக்காத சான்று அம்முதியோரிடம் இருக்கிறது. அவர்களோடு அதுவும் நாள்தோறும் மறைந்துகொண்டிருக்கிறது.

கேட்டதை அப்படியே கொள்ளாது மெய்யை ஆராய்ந்து காண்பதே அறிவென்று தமிழ் மரபு வள்ளுவர் காலந்தொட்டு வற்புறுத்தி வந்திருக்கிறது. அம்மரபைக் குறளரங்கில் மட்டும் முழங்கிவிட்டுக் கடைத்தெருவில் கைவிடுவது எவ்வகையில் தகும்? 'இயற்கை' என்பது பழந்தமிழ்ச் சொல். விலைச்சீட்டில் ஒட்டப்படும் வரை அதற்கு மானம் இருந்தது. அம்மானத்தை மீட்கும் பணியை வணிகர் செய்யமாட்டார். சொல்லின் பொருளைக் காக்கக் கடமைப்பட்டோரும், பொருளின் விலையைத் தம் முதுகில் சுமந்தோரின் வழிவந்தோரும் ஒருவரே ஆகிய பேராக் மண்ணில், அப்பணி எவருடையது என்று தனியே சொல்லவும் வேண்டுமோ?